இரை எடுத்த சாரையை அடிக்காதீர்கள்

கார்த்திகை அடைமழை ஓய்ந்து வெயில் முகம் காட்டும் நாட்களில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து விவசாயிகளின் கண்ணில் பாம்புகள் அடிக்கடி படுகின்றன. வரப்பின் மேல், வைக்கோல் போரின் கிழக்குப் பக்கத்தில், மோட்டார் அறையின் வாசற்படியில், களத்துமேட்டுக் கல்லின் மேல் என்று எங்கும் காணலாம். அவற்றில் பல நடுவயிறு உப்பிய நிலையில், ஆள் அரவம் கேட்டும் நகராமல் கிடக்கும். "தின்று கொழுத்துக் கிடக்கிறது" என்று சொல்லிக்கொண்டே கம்பைத் தேடுகிறோம். பெரும்பாலும் அடிபட்டுச் சாவது சாரைப்பாம்பு. அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நம் கதிரை வெட்டிய எலிதான்.

அந்தப் பாம்பு கொழுப்பெடுத்துக் கிடக்கவில்லை. விழுங்கிய எலியைச் செரிப்பதற்காக வெயில் காய்கிறது. வெயில் கிடைக்காவிட்டால் அந்த எலி அதன் வயிற்றில் செரிக்காது. பாம்பின் உடல் உஷ்ணத்துக்கும் ஜீரணத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைத் தெரிந்துகொண்டால், எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் பாம்பு கிடக்கும் என்பதை நாமே கணித்துவிடலாம். எலிச் சேதத்தைக் குறைக்கவும் பாம்புக்கடியிலிருந்து தப்பவும் இந்தக் கணிப்பு உதவும்.

வயிற்றுக்கு வெளியே இருக்கும் அடுப்பு

மனிதனின் உடல் உஷ்ணம் 37 டிகிரி சென்டிகிரேட். மாட்டுக்குச் சுமார் 38.5 டிகிரி. மழை பெய்தாலும் பனி பெய்தாலும் இந்த உஷ்ணம் மாறுவதில்லை. உண்ணும் உணவில் பெரும்பகுதியை உள்ளேயே எரித்து உடல் இந்தச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதனால்தான் மாட்டுக்குத் தினமும் தீவனம் போடவேண்டியிருக்கிறது, நமக்கும் மூன்று வேளை பசிக்கிறது.

பாம்புக்கு உள்ளே இந்த அடுப்பு இல்லை. தரையின் சூடும் வெயிலின் சூடும்தான் அதன் உடல் சூடு. பெரும்பாலான பாம்புகளுக்கு உடல் உஷ்ணம் 28 முதல் 32 டிகிரி வரை இருந்தால் எல்லாக் காரியமும் ஒழுங்காக நடக்கும். அதைவிடக் குளிர்ந்தால் வெயிலுக்கு வரும். அதைவிடச் சூடானால் நிழலுக்கோ வளைக்கோ போய்விடும். உணவை எரித்துச் சூடு உண்டாக்கும் செலவு இல்லாததால், ஒரு எலியைத் தின்ற பாம்பு ஒரு வாரம், பத்து நாள் பட்டினி இருந்தாலும் அதற்குக் குறைவில்லை.

பாம்பு இரையை மென்று தின்பதில்லை. மயிர், எலும்பு, நகம், பல் எல்லாவற்றோடும் முழுசாக விழுங்குகிறது. பட்டினி கிடக்கும்போது அதன் இரைப்பையில் புளிப்பு நீர் அதிகம் இருப்பதில்லை. இரை உள்ளே போன பிறகுதான் சுரக்கத் தொடங்கி, ஓரிரு நாளில் எலும்பையே கரைக்கும் அளவுக்குக் கடுமையான அமிலமாக மாறுகிறது.

பர்மிய மலைப்பாம்பை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சிகளில் இன்னும் வியப்பான விஷயங்கள் தெரிந்தன. பெரிய இரையை விழுங்கிய ஓரிரு நாளில் அதன் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 48 மணி நேரத்துக்குள் இருதயத்தின் எடை 40 சதவீதம் கூடுவதாக 2005-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உடலின் ஆக்சிஜன் தேவை, சும்மா கிடக்கும்போது இருப்பதைப்போல 40 மடங்கு வரை ஏறுவதும் உண்டு. ஜீரணம் முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடுகின்றன. அசையாமல் கிடக்கும் பாம்புக்குள்ளே, பந்தயத்தில் ஓடும் குதிரைக்கு நடக்கும் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பாலையைப் போல அந்த உடம்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆலைக்கு விறகு வெயில்தான். 30 டிகிரிச் சூட்டில் ஓர் எலி செரிக்க நாலைந்து நாள் ஆகும் என்றால், 20 டிகிரியில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் நாள் பிடிக்கும். 15 டிகிரிக்கும் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் ஜீரணம் நின்றுபோகும். அப்போது வயிற்றுக்குள் இருக்கும் எலி அழுகத் தொடங்கும். அதைக் கக்கினால் பாம்பு பிழைக்கும். கக்க முடியாவிட்டால் அதோடு சாகவும் நேரிடும். இதனால்தான் பல வகைப் பாம்புகள் இரை எடுத்தபின் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போகின்றன. வெளிநாடுகளில் பாம்பை வீட்டில் வளர்ப்பவர்கள், பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுமார் 31, 32 டிகிரியிலும் மறுபக்கத்தை 25, 26 டிகிரியிலும் வைத்து, எந்தப் பக்கம் வேண்டும் என்பதைப் பாம்பே தீர்மானிக்கும்படி விட்டுவிடுகிறார்கள். இரை கொடுத்த இரண்டு நாளைக்கு அதைக் கையால் தொடுவதில்லை. தொட்டால் கக்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எலி வீடே ஜீரண அறை

நம் சீமையில் குளிர் பெரிய தொல்லை அல்ல. மலையடிவாரத்தில் மார்கழி, தை இரவுகளில்தான் கொஞ்சம் குளிரும். பாம்புக்கு இங்கே உண்மையான எமன் வெயில். உடல் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பாம்பு செத்துப்போகும். சித்திரை, வைகாசி நண்பகலில் தரிசு நிலத்தின் மேல்மண் 50 டிகிரிக்கும் மேல் சுடுகிறது. வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்த மண்ணில் சில நிமிஷம் கிடந்தாலே பாம்பின் கதை முடிந்துவிடும். ஆகவே கோடையில் அது பகலெல்லாம் பதுங்கி, இருட்டிய பிறகே வெளியே வருகிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்கவேண்டும்.

தரைக்கு இரண்டடி கீழே நிலைமை வேறு. பகல், இரவு, கோடை, மழை எதுவானாலும் அந்த ஆழத்தில் மண்ணின் உஷ்ணம் அதிகம் மாறுவதில்லை. ஏறக்குறைய 28, 30 டிகிரியில் நிற்கிறது. எலி தோண்டும் வளையும் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. அதாவது எலியின் வீடு, எலியைத் தின்ற பாம்புக்குச் சரியான ஜீரண அறையாகவும் அமைந்துவிடுகிறது. வளைக்குள் புகுந்து, குஞ்சுகளோடு தாயையும் தின்றுவிட்டு, அங்கேயே நாலைந்து நாள் சுருண்டு கிடக்கலாம். கறையான் புற்றும் அப்படித்தான். கறையான் தன் சௌகரியத்துக்காகக் காற்றும் ஈரமும் சூடும் ஒழுங்காக இருக்கும்படி கட்டிய வீடு அது. கறையான் விட்டுப்போன புற்றில் பாம்பு குடியேறுகிறது. பாம்பு புற்றுக் கட்டுவதில்லை.

மழைக்காலத்தில் கணக்கு மாறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக் கண்மாய் பெருகி, வயலில் தண்ணீர் நிற்கும்போது வளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. எலி மேட்டைத் தேடுகிறது, பின்னாலேயே பாம்பும் வருகிறது. மேட்டு வரப்பு, தென்னந்தோப்பின் மட்டைக் குவியல், வைக்கோல் போர், செங்கல் அடுக்கு, குப்பைக்குழி, மோட்டார் அறை, அடுப்படி ஆகியவைதான் அப்போது உலர்ந்தும் சூடாகவும் இருக்கும் இடங்கள். குப்பைக்குழியின் உட்பகுதி மக்கும்போது கை வைக்க முடியாத சூடு இருக்கும். அதன் ஓரத்தில் வேண்டிய சூடு கிடைக்கும். சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்றவை இப்படிப்பட்ட மக்கும் குவியல்களில் முட்டை இடுவதும் உண்டு. மோட்டார் ஓடி நின்ற அறையின் கதகதப்பும் அதற்குப் பிடிக்கும். சேத்தூர், தேவதானம் பக்கமானாலும் மம்சாபுரம், வத்திராயிருப்பு பக்கமானாலும், மலையடிவாரத்து மாந்தோப்புகளிலும் கண்மாய்ப் பாசன வயல்களிலும் ஐப்பசி முதல் தை வரை இந்த இடங்களில் கை வைக்கும் முன் கம்பால் தட்டிப் பார்க்கவேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். மழை விட்ட காலை 8 மணி முதல் 11 மணி வரை கிழக்கு வெயில் விழும் மேட்டில் பாம்பு படுத்திருக்கும். சூடு ஏறாத உடம்போடு இருக்கும் அந்த நேரத்தில் அதற்கு வேகம் குறைவு. ஓட முடியாத பாம்பு வேறு வழியில்லாமல் கடிக்கும். சாரை கடித்தால் ரத்தக் காயத்தோடு போகும். கண்ணாடி விரியன் கடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சாரை எத்தனை எலி தின்னும்?

பாம்பு ஒன்றிருந்தால் வயலில் எலியே இருக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. மேலே சொன்ன ஜீரணக் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். ஓர் எலி செரிக்க நாலைந்து நாள் ஆகும் என்றால், வளர்ந்த சாரை வாரத்துக்கு ஒன்றிரண்டு பெரிய எலிகளுக்கு மேல் தின்ன இடமில்லை. தவளை கிடைத்தால் அதையும் தின்னும். எலியோ மூன்று வாரச் சினையில் ஆறு, எட்டு என்று குட்டி போடுகிறது. பாம்பை மட்டும் நம்பி எலியை ஒழித்துவிட முடியாது.

ஆனால் பாம்பு செய்யும் வேலையை வேறு யாரும் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆந்தை வெளியே வரும் எலியைத்தான் பிடிக்கும். நாய், பூனை, கிட்டி எல்லாம் அப்படியே. வளைக்குள் நுழைந்து, கண் திறக்காத குஞ்சுகளை ஒட்டுமொத்தமாகத் தின்றுவருவது பாம்பு ஒன்றுதான். கரம்பை எலியின் வளை பல கிளையாக ஓடும். உள்ளே நெற்கதிரைச் சேமித்து வைத்து, வாயை மண்ணால் அடைத்துவிடும். அந்த வளையில் கம்பு நுழையாது, சாரை நுழையும். ஒரு வளையில் எட்டுக் குஞ்சு தீர்ந்தால், பின்னால் அவற்றில் பிறக்கக்கூடிய கூட்டமும் தீர்ந்தது.

ஆகவே பாம்பை விட்டுவைத்துக்கொண்டு மற்ற முறைகளையும் சேர்த்துச் செய்யவேண்டும். பயிர் இளசாக இருக்கும்போதே தஞ்சாவூர் கிட்டி வைப்பது, ஆந்தை உட்கார வயலில் பறவை தாங்கிகள் நடுவது, வரப்பைப் பெரிதாக விடாமல் சிறுத்துக் கட்டுவது, அறுவடை முடிந்ததும் வளை தோண்டி எலி பிடிப்பது ஆகியவை செலவு குறைந்த முறைகள். விஷத் தீனி வைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், வேளாண்மை அலுவலரைக் கேட்டு வையுங்கள். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியின் வயிற்றில் செரிக்காத மருந்து தங்கியிருக்கும். புரோமோடயலோன் போன்ற மருந்து எலியின் ஈரலில் தங்கும். செத்த எலியையும் தள்ளாடும் எலியையும் பொறுக்கி ஆழமாகப் புதைக்காவிட்டால், ஆந்தை, நாய், பூனை எல்லாம் அதற்குப் பலியாகும். நம் எலி பிடிக்கும் கூட்டாளிகளை நாமே கொன்றதாகும்.

முன்பு இன்னொரு வழியிலும் சாரை அழிந்தது. அதன் தோலுக்காக ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பாம்புகள் கொல்லப்பட்டுத் தோல் வெளிநாட்டுக்குப் போயிற்று. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976-ல் தடை செய்யப்பட்டது. இன்று சாரையை மிகுதியாகக் கொல்வது நம் கையில் இருக்கும் கம்புதான்.

நல்லபாம்பு என்று நினைத்துச் சாரையை அடிப்பவர்கள் பலர். சாரைக்குப் படம் கிடையாது. கண் பெரியது. உதட்டோரச் செதில்களில் கறுப்புக் கோடுகள் கம்பி போட்டதுபோலத் தெரியும். வால் நீண்டு சிறுத்துப் போகும். மஞ்சள், சாம்பல், கறுப்பு என்று நிறம் பலவிதமாக இருக்கும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. இரண்டு சாரைகள் நிமிர்ந்து பின்னிக்கொள்வதைப் பார்த்து, சாரையும் நாகமும் பிணைகின்றன என்பார்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம்.

பாலும் பானையும்

சாரை மாட்டின் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்த ஊசிகள். அந்த வாயை மடியில் வைத்தால் எந்த மாடும் நின்றுகொண்டிருக்காது. தொழுவத்துக்குப் பாம்பு வருவது தவிட்டு மூட்டையைத் தேடிவரும் எலிக்காகவும், சாணத்தின் கதகதப்புக்காகவும்தான். பால் குறைந்தால் மடிநோய் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புற்றுக்குப் பால் ஊற்றும் வழிபாட்டைப் பற்றிப் பேச இது இடமல்ல. பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். தாகத்தால் தவிக்கும் பாம்பு எந்த நீரையும் குடிக்கும். வித்தை காட்டுவோர் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்துப் பாலைக் குடிக்க வைத்ததும் இப்படித்தான்.

இதைவிட மோசமான விவகாரம் மண்ணுளிப்பாம்பு. வால் மழுங்கித் தலைபோல இருப்பதால் இருதலைப்பாம்பு என்றும் சொல்வார்கள். அதற்கு லட்சக்கணக்கில் விலை என்று வதந்தி கிளப்பி, கிராமத்து இளைஞர்களைப் பிடிக்கச் சொல்லும் கும்பல்கள் உண்டு. பிடித்ததைப் பிளாஸ்டிக் வாளியிலோ சிமெண்டுத் தொட்டியிலோ அடைத்து, எடை கூடுவதற்காக வாயில் இரையைத் திணிக்கிறார்கள். சூடும் இல்லாமல், ஒளிய மண்ணும் இல்லாமல், தினமும் பத்துப் பேர் தூக்கிப் பார்த்தால் எந்தப் பாம்புக்கும் ஜீரணம் ஆகாது. கக்கிக் கக்கியே செத்துப்போகும். அந்தப் பாம்பில் விலைமதிப்புள்ள பொருள் எதுவும் இல்லை. அதைப் பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது, கொல்வது எல்லாமே சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. வதந்தியை நம்பி முன்பணம் கொடுத்தவர் பணத்தை இழப்பார், பாம்போடு பிடிபட்டவர் வழக்கைச் சந்திப்பார். மண்ணுளியும் மண்ணுக்குள் எலி தின்று நமக்கு உதவுகிற பாம்புதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மண்ணுளி இனத்திலேயே உடலில் திட்டுத்திட்டாகப் புள்ளி உள்ள வகையும், மலைப்பாம்புக் குட்டியும், கண்ணாடி விரியனும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். "மலைப்பாம்புக் குட்டி" என்று கையில் எடுத்து விரியனிடம் கடிபட்டவர்கள் உண்டு. உடலில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசைப் புள்ளியும், முக்கோணத் தலையும், குக்கர் விசில்போலச் சீறலும் இருந்தால் அது விரியன். சந்தேகம் இருந்தால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருளர்கள் படித்த பாடம்

பாம்பின் சூட்டுத் தேவையை நூல் எதுவும் படிக்காமலே அறிந்தவர்கள் இருளர்கள். எந்த மாதத்தில் எந்தப் பக்கத்து வரப்பில் பாம்பு கிடக்கும், வளைவாயில் கிடக்கும் தடம் இன்றையதா நேற்றையதா, உள்ளே இருப்பது இரை எடுத்ததா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தோல் வியாபாரம் நின்றபின் வாழ்வு இழந்த அவர்களுக்காக, கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரம் போகும் சாலையில் வடநெம்மேலியில் அது இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, மணல் இட்ட மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். பானை வெயிலில் கொதிக்காமலும் குளிர்ந்து போகாமலும் பாம்பைக் காக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் போடப்படும் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் மூலப்பொருள்.

இந்தச் சங்கத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே வளர்ப்புப் பிராணியாக இறக்குமதியாகி, வீட்டிலிருந்து வெளியே விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலக் காடுகளில் பெருகி, முயல் முதல் மான்குட்டி வரை தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. உள்ளூர் வேட்டைக்காரர்கள் தடுமாறிய இடத்தில், இந்த இருவரும் முதல் இரண்டு வாரங்களிலேயே பத்துக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. குளிர்காலத்தில் பாம்பு வெயிலுக்கு வந்தாகவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இரவின் குளிரையும் காலை வெயிலையும் வைத்து அவர்கள் கரைமேடுகளைத் தேடினார்கள். அதே ஃபுளோரிடாவில் 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் ஏராளமான மலைப்பாம்புகள் செத்துக் கிடந்தன. இந்த இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இரை தின்ற பாம்புக்கு விஷம் இல்லையா?

"இரை தின்றுவிட்டது, விஷத்தை எல்லாம் எலிமேல் செலவழித்துவிட்டது, இனிக் கடித்தாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இது உயிருக்கு உலைவைக்கும் பேச்சு. ஓர் எலிக்குச் செலவாவது பையில் உள்ள விஷத்தில் ஒரு பகுதிதான். மீதி மனிதனைக் கொல்லப் போதும். வயிறு உப்பிக் கிடக்கும் விரியன், பசித்த விரியனுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. வெட்டிப் போட்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் வயல்வேலை செய்பவர்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் படுத்து உறங்குபவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். பல் பதிந்த இடம் தெரியாது, வீக்கமும் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு வலிக்கும், வாந்தி வரும். ராத்திரி தின்றது செரிக்கவில்லை என்று நினைத்துச் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்ப்பதில் பொன்னான நேரம் போய்விடும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலியும், அதோடு கண் இமை தொங்குதலும், நாக்குக் குழறலும், விழுங்க முடியாமையும் இருந்தால் பாம்புக்கடி என்றே கருதி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தோட்டத்தில் காவல் படுப்பவர்கள் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வது நல்லது.

கடிபட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது, பச்சிலை தேடி ஓடக்கூடாது. மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் 108 ஆம்புலன்சுக்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரவேண்டிய அவசியம் இல்லை.

வயலிலும் வீட்டிலும் செய்யவேண்டியவை

வரப்பில் வயிறு உப்பிய பாம்பைக் கண்டால் பத்தடி தள்ளி நின்று, வேறு வழியாகப் போய்விடுங்கள். கல்லெறிந்தோ கம்பால் குத்தியோ விரட்டினால், தப்பி ஓடுவதற்காக அது வயிற்றில் இருக்கும் எலியைக் கக்கிவிடும். கக்கிய எலியை மண்வெட்டியால் தள்ளிப் புதைத்துவிடுங்கள். நாய் தின்னும்படி விடாதீர்கள்; அந்த எலி யார் வயலில் மருந்து தின்றதோ தெரியாது. ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வைக்கோல் போரின் ஒரே இடத்தைப் பார்த்து நாய் விடாமல் குரைத்தால், அதைக் கட்டிப்போட்டுவிட்டுப் பிறகு போரைப் பாருங்கள். இந்த நாய் பின்வாங்குகிற ஜாதி அல்ல. பாம்போடு மோதினால் மூஞ்சியில்தான் கடிபடும்.

மோட்டார் அறைக்குள் பாம்பு இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். குளிர்ந்துபோனால் அது இன்னும் நகராது. கதவைத் திறந்து வைத்துவிட்டு மாலை வரை விட்டுவிடுங்கள். அன்று தண்ணீர் பாய்ச்சியே தீரவேண்டும் என்றாலோ, வீட்டுக்குள் புகுந்துவிட்டாலோ, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள். பிறகு குழாய் நுழையும் ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடையுங்கள். ஸ்விட்சுப் பெட்டியின் அடியில் கை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வைக்கோல் போரைத் தரையோடு போடாமல், இரண்டடி உயரத்தில் கல்லும் கட்டையும் வைத்துப் பரண்போல அமைத்து அதன்மேல் போட்டால், அடியில் எலி தங்காது. எலி இல்லாத போரில் பாம்புக்கு வேலை இல்லை. வைக்கோல் உருவும்போது கையை உள்ளே விடாமல் கொக்கிக் கம்பால் இழுங்கள். மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து நைலான் வலை கட்டுகிறார்கள். இரை எடுக்காத சாரை அதில் நுழைந்து போய்விடும். எலியை விழுங்கிவிட்டுத் திரும்பும் சாரையோ வயிற்றுப் புடைப்பு தடுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போக முடியாமல், செதில் தடுப்பதால் பின்னாலும் வர முடியாமல், வெயிலில் காய்ந்து செத்துப்போகும். வலையின் அடியைத் தரைக்கு அரையடி மேலே தூக்கிக் கட்டினால் பாம்பு பிழைக்கும், வலையும் பாம்பை எடுக்க அறுபடாது. பன்றிக்காக அந்த அரையடியில் முள் போட்டுக்கொள்ளலாம்.

கரும்பு வெட்டும்போதும் நெல் அறுக்கும்போதும் நாலு பக்கமிருந்தும் வெட்டி நடுவுக்கு வருவது வழக்கம். அப்போது எலியும் பாம்பும் நடுவில் மீந்த திட்டில் சேர்ந்துவிடுகின்றன. கடைசித் திட்டை அறுக்கும் ஆள்தான் கடிபடுகிறார். ஒரு பக்கத்தில் தொடங்கி, புதரோ வாய்க்காலோ இருக்கும் மறுபக்கம் நோக்கி அறுத்துக்கொண்டு போனால் அவை தாமாகவே விலகிப் போய்விடும். அறுவடை இயந்திரத்துக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தை மாதத்தில் காலைப் பனியோடு அறுக்க இறங்குவதானால், மேட்டு வரப்பை ஒட்டிய இரண்டு பாத்தியை மட்டும் விட்டுவைத்து, பத்து மணிக்கு மேல், பாம்பு சூடேறி நகர்ந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம்.